பிரேக்கை யாரும் கொண்டுவரவில்லை

மாப்பிள்ளைக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. முகப்பேரில் அவன் பள்ளிக்கூட வாசலில் படம் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் பக்கத்தில் இருப்பவளைத் தட்டிக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. என் மகள் தையல் கடை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறாள். உங்கள் மூத்தவள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள், அத்தனை பையன்களுக்கு நடுவில் முதல் மார்க். ஐந்தாவதோடு நின்ற என் கையால் இதை எழுத எனக்குப் பெருமைதான். நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டியது. பார்க்காமல் போனது நீங்களாகத் தேடிக்கொண்டது.

டீசலில் ஊறிய இரும்பு வாடைதான் இன்று என்னை எழுத உட்கார வைத்தது. காலையில் கதவைத் திறந்தால், வாசலில் கோணி விரித்து, ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டு மூத்தவள் கழுவிக்கொண்டிருக்கிறாள். கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து பந்தயக் கார் செய்கிறார்களாம். நீங்கள் கோணி விரித்த அதே இடம்.

அப்போது அவள் சின்னப் பிள்ளை, தம்பி கைக்குழந்தை. நீங்கள் பூந்தமல்லியில் இன்னொருவரின் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தீர்கள். சொந்த ஷெட் போட வேண்டும், அதற்குப் பேர் வேண்டும், பேர் வாங்க ஊரே திரும்பிப் பார்க்கிற வண்டி வேண்டும் என்றீர்கள். கையில் காசு இல்லை, சிநேகிதர்கள் இருந்தார்கள். யாரோ கைவிட்ட சின்ன கார் ஒன்று கிடைத்தது. அதற்குள் வைக்க, விபத்தில் நசுங்கிய பெரிய காரின் இன்ஜினைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்தீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு கடையும் லேத் ஓட்டிய உங்கள் சிநேகிதர் சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கித் தந்தார். பிஸ்டன் ஒருவர் கொண்டுவந்தார், வேகத்தைக் கூட்டும் டர்போ ஒருவர். ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் கூட்டம், என் மகள் டீ போட்டே ஓய்ந்தாள்.

"மாமே, அமுக்கு! ஊடே அதிருது பாரு!" என்று கத்துவார்கள். அயனம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் அந்த உறுமல் கேட்டது.

நான் கேட்டேன்: "மாப்ளே, எல்லாம் வந்துச்சு. பிரேக்கு?"

"பழசே கீது அத்த. அத கடைசில பாத்துக்கலாம்."

லேத்துக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஓட வெக்கறதுக்கே நாக்கு தள்ளுது, நீ இன்னா அத்த நிக்கறதப் பத்திப் பேசிகினு கீற?" என்றார். வாசலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இத்தனை வருஷமாக யோசித்ததில் எனக்கு ஒன்று விளங்குகிறது. பிஸ்டன் கொடுத்தவருக்கு, இன்ஜின் உறுமும்போது அதில் தன் பங்கு கேட்கும். பிரேக் உறுமாது. வண்டி நிற்பதைப் பார்க்க எந்த ஊரிலும் கூட்டம் கூடாது. அதனால்தான் அதை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

முதல் ஓட்டத்துக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க என்னைத்தான் கூப்பிட்டீர்கள். "அத்த கையால வெச்சா நான் நெனச்ச எடத்துல நிக்கும்" என்றீர்கள். பானெட்டில் கைவைத்துச் சிரித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டீர்கள். பழம் நசுங்கியது, வண்டி கிளம்பியது. பைபாஸில் லாரி ஒன்று திரும்பியிருக்கிறது. பின்னால் பைக்கில் வந்தவர்கள் சொன்னார்கள்: உங்கள் பிரேக் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்ததாம். வண்டி மட்டும் நிற்கவில்லையாம்.

நீங்கள் போய்விட்டீர்கள். இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. உங்கள் சிநேகிதர்களே அதைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, "விதி அத்த" என்றார் லேத்துக்காரர். "விதி இல்லடா, பிரேக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் இந்த வாசலை மிதிக்கவில்லை. நீங்கள் போன இடத்தில் இன்று மெட்ரோ தூண் நிற்கிறது. அதைக் கடக்கும்போது நான் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இன்று காலை மூத்தவளிடமும் அதையேதான் கேட்டேன். "பிரேக் எங்கடி?"

"அது கடைசில ஆயா. இன்ஜினுக்கே பட்ஜெட் பத்தல."

உங்கள் சொல், உங்கள் சிரிப்பு. கோணிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "உங்கப்பனும் இதத்தான்டி சொன்னாரு."

"லாரிக்காரன் மேலதான் தப்புன்னு அம்மா சொன்னாங்க?"

"புருஷன விட்டுக்குடுக்க மனசு வரல அவளுக்கு. எனக்கு வரும்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, கூட்டாளிக்குப் போன் போட்டாள். "மச்சான், வந்த காசுல மொதல்ல பிரேக் வாங்கறோம். இன்ஜின் அப்பால." அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "சிரிக்காதடா" என்றாள். அந்தக் குரலில் நீங்கள் இல்லை, மாப்பிள்ளை. நான் இருந்தேன்.

சாயங்காலம் வந்து, வெளியூரில் நடக்கும் பந்தயத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்க வருவாயா என்று கேட்டாள். மாட்டேன் என்றுவிட்டேன். சுவரில் அந்தப் படத்தில் நீங்கள் இன்னும் பானெட்டில் கைவைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கிளம்பாத வண்டியோடு. அதற்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டு அவளிடம் சொன்னேன்: "நீ ஓட்டற போட்டோ எனக்கு வேணாம். ஓட்டி முடிச்சு, வண்டிய நிறுத்தி, கீழ எறங்கி நிக்கற போட்டோ ஒண்ணு எடு. போன்ல காட்டாத. பிரிண்ட் போட்டு அங்கேந்தே தபால்ல அனுப்பு. இந்த ஆணியில மாட்டறேன்."