சூரியன் வடக்கே நிற்கும் ஊர்

என் செல்லத்துக்கு,

பியூனஸ் அயர்ஸ் பெரிய ஊர். மாச வாடகைக்கு எடுத்த ரூம் சின்னதுதான், ஆனா குக்கர் வைக்க அடுப்பு இருக்கு. ஓட்டல் பக்கமே போகலை. ஊரெல்லாம் பஸ்ஸிலேயே சுத்துறோம்.

அப்பா ரெண்டு தடவை வழி மாறிப் போயிட்டார். பயப்படாதே. இங்கே மத்தியானச் சூரியன் நம்ம ஊர் மாதிரி தெற்கே இல்லை, வடக்கே நிக்குது. நம்ம ஸ்ரீரங்கத்து மனுஷருக்கு வலது இடதுன்னு வழி சொல்லியா பழக்கம், கிழக்கே மேற்கேன்னுதானே? ரூம் தெற்கேன்னு வெயிலைப் பார்த்து நடந்தா வடக்கே போய் நிக்கிறார். எனக்கே குழப்பமாத்தான் இருக்கு.

நேத்து மழை மூட்டம், சூரியனே இல்லை. ரொட்டி வாங்கப் போனவரைத் தேடிப் போனேன். ரெண்டு தெரு தள்ளி, யாரோ ஒரு பொண்ணுகிட்ட, "கீழச்சித்திரை வீதிக்கு எப்படிம்மா போகணும்?"னு தமிழ்ல கேட்டுக்கிட்டு நின்னார். நம்ம வீட்டு வீதி பேர் எதுக்கு இங்கே வந்துச்சுன்னு புரியலை. என்னைப் பார்த்ததும், "நீங்க எந்த வீதிங்க?"ன்னார். விளையாட்டுக்குக் கேட்டிருப்பார்.

திரும்பி வர்ற டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமா பாரு. குளிர் ஒத்துக்கலை, வேற ஒண்ணும் இல்லை. அங்கே வந்துட்டா சூரியன் அதோட இடத்துல இருக்கும், இல்லையா?

அம்மா