எங்கள் பூத்தில் ஒரு ஓட்டு

மார்ச் 4
காலையிலிருந்து மாவு மில்லில் கூட்டம். மெஷினைவிட வாய்கள்தான் அதிகம் ஓடின. நகரத்துக் கட்சி ஜெயித்தால் நம் ஏரித் தண்ணீரைக் குழாய் போட்டு நகரத்துக்குக் கொண்டுபோய்விடுமாம். "நம்ம பூத்துல ஒத்த ஓட்டு அவங்களுக்கு விழக்கூடாது" என்று உரக்கடைக்காரர் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். வயல் காய்ந்தால் நான் எதை அரைப்பது?

சாயங்காலம் நகரத்தில் கட்டிக்கொடுத்த மகள் போன். ஏழு மாத வயிற்றோடு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறாளாம். "இந்த ஒரு தடவை எங்களுக்குப் போடுங்கப்பா." பார்க்கலாம்மா என்றேன். பார்க்கலாம்! நல்ல வார்த்தை கண்டுபிடித்தேன்.

மார்ச் 9
ஓட்டுப் போட்டாயிற்று. மகள் முகம் வந்து வந்து போனது. இருந்தாலும் ஊரோடுதான் போட்டேன்.

மார்ச் 16
டி.வி.யில் மாநில வரைபடத்துக்கு இரண்டே நிறம். நகரங்கள் எல்லாம் ஒன்று, எங்களைப் போன்ற ஊர்கள் எல்லாம் இன்னொன்று. பார்த்தால் எங்கள் நிறம்தான் பெரிசு. ஜெயித்தது அவர்கள். "நம்மகிட்ட நிலம் இருக்கு, அவங்ககிட்ட தலை இருக்கு" என்றார் பால்காரர்.

மார்ச் 18
பூத் வாரியான கணக்கு வந்துவிட்டது. எங்கள் பூத்தில் நகரத்துக் கட்சிக்கு ஒரே ஓட்டு. ஊரே என்னைப் பார்க்கிறது. நகரத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன் நான் ஒருத்தன்தானே! "சத்தியமா நான் போடலைய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உரக்கடைக்காரர் சிரித்தார். எந்தப் பாவி போட்டுத் தொலைத்தானோ, என் பிழைப்பில் மண் விழுந்தது.

மார்ச் 21
மில்லுக்கு ஒரு சாக்கு தானியம்கூட வரவில்லை. எல்லோரும் பக்கத்து ஊருக்குத் தூக்கிப் போகிறார்கள்.

மார்ச் 22
சாப்பிடும்போது அந்தப் பாவியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுச் சொன்னாள்: "போதும், திட்டாதீங்க. நான்தான் போட்டேன்."

"ஏன்டி, பைத்தியமா உனக்கு?" என்றேன்.

"தண்ணி எங்க போகுது? எம்பொண்ணு வீட்டுக்குத்தானே போகுது?"

இத்தனை வருஷத்தில் அவள் யாருக்குப் போடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. நான் போடுவதைத்தான் அவளும் போடுவாள் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 23
உரக்கடை வாசலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "நான்தான் போட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க." அவளை எவனும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அடிப்பார்கள் என்று நினைத்தேன். எழுந்து போய்விட்டார்கள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 6
மில்லைப் பூட்டிவிட்டேன். ஏரிக்கரையில் குழாய்கள் வந்து இறங்குகின்றன.

ஏப்ரல் 11
விஷயம் எப்படியோ மகள் காதுக்குப் போய்விட்டது. போனில் அழுதாள். "ஊரையே எதிர்த்து எனக்காகப் போட்டீங்களாப்பா?" அவள் என்னிடம் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று! எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"ஆமாம்மா" என்றேன்.

மனைவி பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஊருக்குச் சொன்னீங்க, சரி. அவகிட்டயும் ஏங்க?"