சுபைதாவுக்குச் சொல்லாத வீடு

9, செவ்வாய்
விடியத் தொடக்கம் மழை. பாலையூற்று, மகளின்ட வீடு. வந்து மூண்டு நாள்.
கொண்டு வந்தது: அலுமாரி, ரெண்டு கதிரை, மாதா படம், அவற்ற படம். விட்டிட்டு வந்தது: அவற்ற செருப்பு. குசினிக் கதவடியில கிடந்தது. எப்பிடி மறந்தனான்?
அவர் செத்து இருபத்து மூண்டு நாள். முப்பத்தொண்டுப் பூசை கழியட்டும் எண்டனான். "வாடகை வீடுதானே, வீட்டுக்காரர் திறப்பைத் திருப்பிக் கேக்கினம் அம்மா" எண்டாள் மகள். நான் ஓம் எண்டனோ? நினைவில்லை.

10, புதன்
மழை விட்டிட்டுது. உப்புப் போத்தல் எங்க வச்சன்?
நாலு மணிக்குச் சுபைதாவின்ட போன். கிண்ணியாவில இருந்து தினமும் எடுப்பா. அவவின்ட மனிசனும் மௌத்தாப் போயிட்டார். நாலு மாசம் பத்து நாள் இத்தா, வீட்டை விட்டு வெளிய வர ஏலாது.
"என்ன புள்ள, கப்பல் ஊதுற சத்தம் ஒண்டும் கேக்கல்லியே?"
"மழை" எண்டன். கப்பல் சத்தம் கேக்கிறது பழைய வீட்டில.
"இஞ்ச வெயில் கொளுத்துது. ஒங்களுக்கு மட்டும் தனி மழையா?" சிரிச்சா. "வெள்ளிக்கிழம நான் வெளிய வரலாம். மொதல்ல ஒங்கட வீடுதான். தயிர்ச் சட்டியோட வாறன்."
எந்த வீடு? வீடு மாறினதைச் சொல்லாமல் வாங்கோ எண்டன்.
அவவை மகன் கூட்டிப்போக வந்த நேரம் நான்தான் பெரிசாக் கதைச்சனான், மனிசன் இருந்த வீட்டை விட்டுப் போகாதேங்கோ எண்டு. அவ போகேல்ல. நான் ஒரு மாசம்கூட இருக்கேல்ல.

11, வியாழன்
பூசைக்குப் பேர் குடுக்கக் கோயிலுக்குப் போனனான். திரும்பேக்க கால் தன்ட பாட்டில பழைய வீட்டுக்குப் போட்டுது. படலைக் கொளுக்கியில கை. உள்ளுக்க இருந்து ஒரு பிள்ளை, "ஆரைத் தேடுறீங்கள்?"
"அந்தோனி" எண்டிட்டன்.
முப்பது வருசத்தில அவற்ற பேர் நான் சொன்னதில்லை.
"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை அம்மா."
செருப்பைக் கேக்கேல்ல.

பின்னேரம்
நானே சுபைதாவுக்கு எடுத்தன். சொன்னன்.
போனில சட்டி வைக்கிற சத்தம் கேட்டுது. பிறகு, "நீங்க சொல்லித்தானே புள்ள நான் இஞ்சயே கிடந்தன்?"
"ஓம்."
அழுதாவோ சிரிச்சாவோ விளங்கேல்ல.
"சரி, எந்த பஸ்? எங்க எறங்கோணும்?"
இறங்கிற இடத்துக்குப் பேர் தெரியேல்ல. ஒரு பேக்கரி, ஒரு மதில் எண்டன்.
"மதில் இல்லாத ஊர் எங்க இரிக்கி?"
"நான் ரோட்டில நிக்கிறன், வாங்கோ."

12, வெள்ளி
மகள் வேலைக்குப் போட்டாள். கேக்க மறந்து போனன். கிண்ணியாவில இருந்து வாற ஆள் ரோட்டில எந்தப் பக்கம் இறங்குவா? குடை எடுத்தாச்சு. முதல் இந்தப் பக்கம் நிக்கிறன்.