அடக்கமான பெண் என்று போட்டவருக்கு

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேலேயே மூடியிருக்கிறது. சாவி கீழ்வீட்டு அக்காவிடம். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன், கோபம் இன்னும் கிளம்பவில்லை.

எனக்குத் தெரியாமல் கல்யாண வெப்சைட்டில் என்னைப் பதியப் போனீர்களே, எந்த நம்பரைக் கொடுத்தீர்கள்? என் நம்பரை! கரண்ட் பில்லோ ஆஸ்பத்திரி டோக்கனோ, இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் என் நம்பர்தானே, அந்தப் பழக்கம். ஓடிபி நேராக எனக்கு வந்தது. உடனே போன் போட்டு, "பாப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா. கேஸ் புக் பண்றேன்" என்றீர்கள். முந்தாநாள்தான் கேஸ் வந்தது, அப்பா. பொய்யையும் நான்தான் எழுதித் தர வேண்டுமா?

நம்பரைச் சொல்லிவிட்டு, ராத்திரி அதே நம்பரை வைத்து நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். "அடக்கமான பெண், அதிர்ந்து பேசமாட்டாள்" என்று இருந்தது. யார் வீட்டுப் பெண் அது? "எதிர்த்துப் பேசுவாள்" என்று திருத்திவிட்டேன். என் டிகிரியை மூன்று இடத்தில் போட்டிருந்தீர்கள். அதில் கைவைக்கவில்லை. நீங்கள் முட்டி தேய டைல்ஸ் ஒட்டிப் படிக்கவைத்தது அது.

பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய் நிற்காதீர்கள். இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கிறேன், பிறகு கல்யாணம் பற்றிப் பேசலாம்.

விருப்பம் தெரிவித்திருந்த பதினோரு பேரில் பத்துப் பேர், நான் திருத்தியதும் காணோம். நிம்மதி.

மறந்துவிட்டேன்: மிச்சமிருக்கிற ஒருத்தர், "எதைப் பற்றி எதிர்த்துப் பேசுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். மத்தியானம் நானே பதில் போட்டுக்கொள்கிறேன்.