லண்டன் வீட்டில் நீ சொன்னது

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

லண்டனிலிருந்து திரும்பியும் நீ ஊருக்கு வராமல் சிகாகோவிலேயே தங்கிவிட்டாய். முன்பின் தெரியாத ஆறு பேரோடு நிகழ்ச்சிக்காக நீ அந்த லண்டன் வீட்டில் இருந்ததை இப்போது வாராவாரம் டிவியில் காட்டுகிறார்கள். பார்ப்பதற்குத் தெருவே நம் வீட்டில் கூடுகிறது. நேற்று நீ சட்டையைத் தூக்கி அவர்களுக்கு முதுகுத் தழும்பைக் காட்டினாய். அப்பாவின் பெல்ட்டைப் பற்றிச் சொன்னாய்.

இங்கே யாரும் பாப்கார்னைத் தொடவில்லை. எதிர்வீட்டு வெர்னா ஆன்ட்டிதான் சிரித்துச் சமாளித்தார்.

"டிவிக்காக நல்லாக் கதை விடுறான் நம்ம பையன்! அப்படித்தானே, ராய்?"

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்ல வெர்னா. அவன் குறைச்சுத்தான் சொல்றான்" என்றார்.

வீட்டுக்கு வா என்று நான் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவர் அதைச் சொன்னார் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

உன் தங்கை