கொள்ளுப்பிட்டிக் கடையில் அப்பாவின் பெயர்

வெள்ளவத்தை,
09.02.2026

அன்புள்ள மகள் ஆரணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் சுகம், என் பிரஷரும் சுகம். நீயும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை மன்றாடுகிறேன். மருமகனையும் கேட்டதாகச் சொல்லு.

தினமும் போனில் கதைக்கிறோம், இதென்ன புதிதாகக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ என்னை முடிக்க விடமாட்டாய். பாதியில் புகுந்து, அதை விடுங்கோ அம்மா, வீட்டு அலுவல் என்ன மாதிரி என்று கேட்பாய். கீழ்வீட்டு ராகுலன் வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறார். மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். தூள் இந்த முறை கொஞ்சம் உறைப்பு, அளவாகப் போடு.

அப்பாவின் கமரா வந்துவிட்டது. விசா குத்திய பாஸ்போர்ட் அலுமாரியில் கிடக்க, கமரா வரட்டும், அதை எடுத்துவிட்டு, அப்பாவின் போன் நம்பரையும் வெட்டிவிட்டு வருகிறேன் என்று உனக்கு இவ்வளவு நாளும் சாட்டுச் சொன்னேன் அல்லவா? இனிச் சொல்வதற்குச் சாட்டு இல்லை.

அந்தக் கமராவுக்கு அப்பா கிடந்து அடித்துக்கொண்டது உனக்கு முழுதாகத் தெரியாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கமரா. அதற்கு உலகம் முழுக்க வரிசையாம், செய்கிறவர்களால் செய்து முடியவில்லையாம். பெற்றோல் வரிசையில் அரை மணித்தியாலம் நிற்க ஏலாமல் அரசாங்கத்தைத் திட்டிய மனிதன், இதற்கு மட்டும் கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் பெயரைக் கொடுத்துவிட்டுச் சாதுவாக இருந்தார். பெரிய கமராவைக் கண்டால் சனம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்குதாம், இதென்றால் ஒருத்தருக்கும் தெரியாமல் எடுக்கலாமாம். எனக்குத் தெரியாமல் எடுத்த படங்கள் போதாதா என்று கேட்டேன். அவர் எடுத்த எந்தப் படத்திலும் நான் வாயைத் திறந்து யாரையோ ஏசிக்கொண்டுதான் நிற்கிறேன். அதுதான் உன் இயற்கையான முகம் என்றார். பெயர் கொடுத்து இரண்டு மாதத்தில் ஆளே போய்விட்டார்.

இனி எழுதப்போவதை இருந்து ஆறுதலாக வாசி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று வீடு நிறையச் சனம். அப்பாவின் போன் அடித்தது. கடையில் வேலை செய்கிற மஸாஹிரா என்ற பிள்ளை, அப்பாவைச் சேர் என்றுதான் கூப்பிடுவாள். கமரா இன்னும் வரவில்லை, ஆனால் சேரின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லத்தான் எடுத்தாள். சேர் இருக்கிறாரா என்று அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாள். அந்தக் குரலுக்கு அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார் என்றேன். வெள்ளவத்தையில் இதைச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அவளும் நம்பிவிட்டாள்.

ஒருநாளைக்குச் சொன்ன பொய் என்றுதான் நினைத்தேன். இடைக்கிடை அவள் எடுப்பாள், சில நேரம் நானே பஸ் ஏறிக் கடைக்குப் போவேன். சேர் எப்படி என்று கேட்பாள். குளிர் ஒத்துவரவில்லை, மகள் வீட்டுத் தேத்தண்ணியில் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பேன். உங்கள் ஊரில் பனி கொட்டுகிறது என்று நீ சொன்ன அன்று, சறுக்கி விழுந்து முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறார் என்றேன். அந்தப் பிள்ளை உண்மையாகவே கவலைப்பட்டது. அடுத்த முறை மறக்காமல் முழங்கால் எப்படி என்று கேட்டது. சுகமாகிவிட்டது என்று சொல்ல எனக்கே பெரிய ஆறுதலாக இருந்தது.

எனக்கு மூளை பிசகிவிட்டது என்று பயப்படாதே. திவசத்துக்கு ஐயரைக் கூப்பிட்டதும் நான்தான், அப்பாவின் உடுப்பையெல்லாம் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஆனால் கோயிலில், சந்தையில், லிஃப்டில், எங்கே போனாலும் சனம் என்னைக் கண்டவுடன் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளும். இந்தக் கொழும்பில் உன் அப்பா சாகாமல் இருந்தது அந்த ஒரு கடையில்தான். அங்கே போய்வந்தால் எனக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சோறு இறங்கும்.

போன வியாழக்கிழமை அவள் எடுத்து, சேருடைய முறை வந்துவிட்டது என்றாள். நான் சீலை மாற்றிக்கொண்டு போனேன். பெட்டியை மேசையில் வைத்திருந்தாள். வாங்கிக் கூடின விலைக்கு விற்கிறவர்களின் தொல்லையால், பெயர் கொடுத்தவரே வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று கடையில் சட்டமாம். முதலாளியிடம் எனக்காகக் கேட்டு வைத்திருக்கிறாள். "சேரை ஒருக்கா வீடியோ கோல்ல காட்டுங்க ஆன்ட்டி, அது போதும்" என்றாள். முழங்காலில் அடிபட்ட ஆளைப் பார்க்கத் தனக்கும் ஆசை என்றாள்.

உனக்கு எடுத்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன், வெட்கக்கேடு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் நான் எல்லோருக்கும் மோசம் போயிட்டார் என்றேன், தவறிட்டார் என்றேன், அவர் இல்லை என்றேன். அன்றைக்கு வேறு மாதிரி வந்தது.

"அவர் கனடாவில இல்லைப் பிள்ளை. அவர் செத்துப்போனார்."

அவள் என்னைக் கதிரையில் இருத்திப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். பிறகு மெல்ல, "அப்ப அந்த முழங்கால்?" என்று கேட்டாள். அதுவும் பொய்தான் என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடியத்தான் எனக்கு அழுகை வந்தது. செத்தவீட்டில் வராத அழுகை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கமராக்கடையில், தெரியாத வீட்டுப் பிள்ளையின் தோளில் சாய்ந்துகொண்டு, மானம் மரியாதை இல்லாமல் அழுதேன்.

உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன், கொண்டுபோங்கள் என்றுதான் அவள் சொன்னாள். நான் அதை வைத்து என்ன செய்ய? அடுத்த ஆளுக்குக் கொடு, எனக்கு முன்னாலேயே கோல் எடு என்றேன். வத்தளையில் கலியாணப் படம் எடுக்கிற றெனால்ட் என்று ஒரு பெடியன். அவன் சந்தோஷத்தில் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. உன் அப்பா என்றால் "ஆ, சரி" என்று போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் பாடியிருப்பார். பட்டியலில் அவர் பெயரை அழிக்கும்போது மஸாஹிரா என்னைப் பார்த்தாள். அழி என்று தலையாட்டினேன். வரும் வழியில் நம்பரையும் வெட்டிவிட்டேன்.

இனி உன்னைப் பற்றி. செத்தவீட்டுக்கு உன்னால் வர முடியவில்லை. கனடாப் பேப்பர் கையில் இல்லாமல் வெளிக்கிட்டால் உன்னைத் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். பேப்பர் சரிவந்தபோது நீ பிள்ளைத்தாச்சி. இதில் உன் பிழை ஒன்றும் இல்லை. மலர்ச்சாலையில் செத்தவீட்டை லைவ் போட்டார்கள், நீ இருந்து பார்த்தாய். தேவாரம் படித்ததும், நான் வாய்க்கரிசி போட்டதும், பெட்டியை மூடியதும் எல்லாம் கண்டாய். மூடி முடிந்தவுடன் எனக்கு எடுத்து, வந்த சனத்துக்குச் சாப்பாடு ஒழுங்கா என்று கேட்டாய். அன்றையிலிருந்து நம்பரை வெட்டுங்கோ, பாங்க் பேப்பரைத் தேடுங்கோ, வீட்டை விற்பம் என்றுதான் கதைக்கிறாய். மகள், நீ எங்கள் எல்லோரையும் பார்த்தாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. நீ அழுதாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பங்குனியில் வருகிறேன், ரிக்கெற் போடச் சொல்லு. வீட்டை விற்க வேண்டாம், பூட்டிவிட்டு வருகிறேன். பத்தியச் சரக்கு எல்லாம் இடித்துக் கொண்டுவருவேன், அது பிறகு. நான் வந்து இறங்குகிற அன்று நீ சமைக்காதே, ஒருத்தரையும் கூப்பிடாதே. கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இரு. பிள்ளை பிறந்துவிட்டால், பால் கொடுக்கிற தாய் அழக்கூடாது என்று நானே உன்னை மறித்துவிடுவேன். அதற்கு முதல் ஒருக்கா, அப்பா செத்துப்போனார் என்று உன் வாயால் என்னிடம் சொல்லு. எனக்கு அதைச் சொல்ல ஒரு கடைப்பிள்ளை கிடைத்தாள். உனக்கு நான் இருக்கிறேன்.

பிள்ளையார் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
அருந்ததி