இரண்டு கட்சிக்கும் ஒரே பந்தி

வெள்ளானூர்,
தாது வருஷம் வைகாசி 20

அமெரிக்கா தேசத்துப் பிலடெல்பியா பட்டணத்தில் இருக்கும் சிரஞ்சீவி வேம்புலிக்கு, அம்மா எல்லம்மா வாயார வாழ்த்திச் சொல்ல, தங்கை தாயம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், தாயம்மா, போன வாரம் கன்று போட்ட எருமை எல்லோரும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை. (அண்ணா, அம்மா சொல்வதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சரக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு எவ்வளவு சௌகரியம்!)

உன் போன கடிதத்துக்கு நான் கோடி முறை நன்றி சொல்ல வேண்டும் ராசா, ஏன் என்று கேள். மாசியில் நம் ஊருக்குப் பஞ்சாயத்து போர்டு வந்தது அல்லவா, எட்டு மெம்பரில் நாலு பேர் அப்பாவின் கதர்க் கட்சி, நாலு பேர் என் தம்பி, உன் உலகநாதன் மாமாவின் ஜஸ்டிஸ் கட்சி. ஆபீசை மேலத்தெருவில் கட்ட வேண்டும் என்று அப்பாவும் கீழத்தெருவில்தான் என்று மாமாவும் முறைத்துக்கொண்டு, இவர் உள்ளே வந்தால் அவர் எழுந்து போவார், மூன்று மாதமாக ஒரு கூட்டமும் நடக்கவில்லை. (கட்சி கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு சுவர் கட்டத் தெரியவில்லை. கூட்டம் நடத்தக் கோரம் இல்லை, காரம்தான் மிச்சம்.) பங்குனியில் ஊருக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறும் இடிந்து விழுந்தது. கூட்டம் கூடித் தீர்மானம் போட்டால்தான் புதுக் கிணறு. நாங்கள் பெண்கள் ஏரிக்கு அந்தக் கரைவரை போய்ச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக் கொண்டுவந்தோம். நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி, அடுத்த வீட்டுப் பூங்காவனம், குடத்தோடு கரையில் சறுக்கி விழுந்தாள். வயிற்றில் அடிபடாதது அம்மன் புண்ணியம். இனி ஒருத்தி விழக்கூடாது என்று அன்றைக்கே என் மனதில் விழுந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. நீ படிக்கிற இரவுப் பள்ளியில் வாத்தியார் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்தத் தேசம் புதிதாக சர்க்கார் கட்டிய நாளில் இரண்டு மந்திரிகள் எதற்கெடுத்தாலும் எதிரும் புதிருமாக நின்றார்களாம், தலைநகரம் எங்கே என்பதில் ஊரே இரண்டாகி நின்றதாம், கடைசியில் அந்த இருவரும் சபை மெம்பர் ஒருவரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, இது உனக்கு அது எனக்கு என்று பேசி முடித்தார்களாம். அப்புறமும் ஆளுக்கொரு கட்சியாகிப் பத்திரிகையில் திட்டிக்கொண்டார்களாம், ஆனாலும் கட்டின சர்க்கார் நின்றதாம். தாயம்மாவை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எட்டுப் பேரையும் சாப்பிடக் கூப்பிடப் போகிறேன் என்றதும் உன் அப்பா, அவன் இந்த ஊட்ல காலை வெச்சா நான் ஏரிக்கரையில குடிசை போட்டுக்கறேன் என்று குதித்தார். போட்டுக்கோங்க, எனக்குத் தண்ணி மொண்டு அனுப்ப ஒரு ஆளாச்சு என்றேன். அதோடு அடங்கினார்.

எட்டுப் பேரும் வந்தார்கள். வந்தும் முதல் இலை யாருக்கு என்று உட்காராமல் நின்றார்கள். நான் ஒரு முனையிலும் தாயம்மா மறு முனையிலும் ஒரே நேரத்தில் சோறு வைக்கத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்தார்கள். உன் தங்கை செய்த வேலையை அப்போது நான் அறியேன். கருவாட்டுக் குழம்பில் இரண்டு கை மிளகாய்த்தூளைக் கூடக் கொட்டி, தண்ணீர்க் குடத்தை வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். (மூன்று கை.) நாலு வாய் உள்ளே போனதும் கதரும் ஜஸ்டிசும் சேர்ந்து இருமின. இன்னாடி, ஊட்ல தண்ணி கீதா இல்லியா என்று அப்பா அலறுகிறார். அக்கா, நாக்கு பத்திக்கினு எரியுது என்று மாமா கண்ணீர் விடுகிறான். இந்தக் கழுதை இடுப்பில் வெறுங்குடத்தோடு வந்து நின்று, ஏரிக்குப் போய் வர ரெண்டு நாழி ஆவும் மாமா, அதுவரைக்கும் கெணறு எங்க வெட்றதுன்னு பேசிக்கினு இருங்க என்றாள். மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாமே, ஆபீசு எங்க தெருவுல இருக்கட்டும், கெணத்த உங்க தெருவுல வெட்டிக்கோ, மொதல்ல ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லு என்றான். அப்பாவும், நேத்தே அதத்தான் நெனச்சேன் மச்சான் என்று கூசாமல் சொன்னார். நான் ஓடிப்போய் மோர்ப்பானையைக் கொண்டுவந்து வைத்தேன்.

திங்கட்கிழமை கூட்டம் கூடித் தீர்மானம் ஆயிற்று. இருபத்திரண்டாம் அடியில் ஊற்று கண்டது, கற்கண்டு மாதிரித் தண்ணீர். உன் கடிதத்தில் வந்த அந்த மூவர் பெயர் என் வாயில் நுழையவில்லை, ஆனாலும் அமாவாசையன்று அமெரிக்காக்காரர் மூன்று பேருக்கு என்று சொல்லிக் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்தேன். அவர்கள் என்றைக்கோ உண்ட சோறு, இன்றைக்கு எங்களுக்குத் தண்ணீர். அதைக் காதில் போட்ட உன்னைப் பெற்ற வயிறு குளிர்ந்து கிடக்கிறது.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே, போட்டுக்கொள். நேற்று கிணற்றுக்குப் பூசை. முதல் குடம் பிரசிடெண்டு என்று நம் வீட்டுக்கா, வைஸ் பிரசிடெண்டு என்று மாமா வீட்டுக்கா என்று அப்பாவும் மாமாவும் மறுபடி ஆரம்பித்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் நாங்கள் பெண்கள் நாற்பது குடம் இறைத்துவிட்டோம்.

இப்படிக்கு,
உன் அம்மா எல்லம்மா
(கைநாட்டு அவளுடையது, எழுத்து தாயம்மாவுடையது)